காடு மீண்ட தீவு

நிலமும் அந்நிலத்தில் வாழும் உயிர்களும் ஒன்றையொன்று பிரியாதன என்பது நம் முன்னோர் நன்கு அறிந்த உண்மை. அவர்கள் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, பாலை, மருதம், நெய்தல் என ஐந்தாக வகுத்தனர். அவ்வளவில் அமையாது, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரம் இது, புள் இது, விலங்கு இது எனக் கருப்பொருளையும் முறைப்படக் கூறினர். மரம் இன்றேல் பறவைக்கு உறையுள் இல்லை. பறவை இன்றேல் மரத்தின் வித்துப் பரவ வழியில்லை. இவ்வாறு பின்னிக் கிடக்கும் கட்டினை அறுத்தல் எளிது. அறுந்த கட்டினை மீண்டும் முடிய இயலுமா? இவ்வினாவிற்குத் தென்கடலில் உள்ள ஒரு சிறு தீவு விடை தருகின்றது. அவ்விடையை இப்பாடத்தில் காண்போம்.

தீவின் இருப்பு

நியூசிலாந்து நாட்டின் வடதீவில் ஆக்லாந்து என்னும் பெருநகர் உள்ளது. அந்நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஹவுராக்கி வளைகுடாவின்கண் டிரிட்டிரி மட்டாங்கி என்னும் தீவு அமைந்துள்ளது. காற்றோடு தொடர்புடைய பொருள் தரும் மாவோரி மொழிப் பெயர் அது. தீவின் பரப்பு ஏறத்தாழ 220 ஹெக்டேர். உயர்ந்த மேடும் 90 மீட்டர் அளவினதே. விரைந்து நடப்பவர் ஒருவர் ஒரு பகற்பொழுதில் அதனை முழுதும் சுற்றி வந்துவிடலாம். தீவின் ஒரு முனையில் 1865-ஆம் ஆண்டு முதல் ஒளிவீசி வரும் கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கின்றது. இத்துணைச் சிறிய தீவைப் பற்றி நாம் அறிய வேண்டுவது என்ன என்று மாணவர்கள் ஐயுறலாம். நிலத்தின் சிறுமை அங்கு நிகழ்ந்த செயலின் பெருமையைக் குறைத்துவிடவில்லை.

காடு அழிந்த வரலாறு

நியூசிலாந்து மற்ற நிலப்பரப்புகளிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து நின்ற நாடு. வௌவால் வகைகளைத் தவிரத் தரையில் வாழும் பாலூட்டி விலங்கு எதுவும் அங்கு இயல்பாக இருந்ததில்லை. பூனை இல்லை, கீரி இல்லை, எலியும் இல்லை. ஆதலின், அங்குள்ள பறவைகள் பலவும் தரையில் அச்சமின்றித் திரிந்தன. தரையிலேயே கூடு கட்டின. அவற்றுட் சில, பறத்தலின் தேவை குன்றியமையால், நாளடைவில் பறக்கும் ஆற்றலையே இழந்தன. கிவி என்னும் பறவை அவ்வாறு சிறகு குன்றியதே ஆகும்.

பகையறியாது வாழ்ந்தவை பகை வந்தபோது தம்மைக் காத்துக் கொள்ளும் வகை அறியவில்லை. முதலில் படகேறி வந்த மாவோரி மக்களுடன் கியோரே என்னும் சிற்றெலியும் நாயும் வந்தன. பல நூற்றாண்டுகள் கழிந்த பின் ஐரோப்பியர் வந்தனர். அவர்களுடைய கப்பல்களில் பெரிய எலிகளும் பூனைகளும் வந்தன. மிகுந்துவிட்ட முயலை அடக்கும்பொருட்டுக் கீரியை ஒத்த கொடிய சிறு விலங்கொன்றையும் அவர்களே பின்னர்க் கொண்டு வந்து விட்டனர். அது முயலைக் காட்டிலும் பறவைகளையே எளிதில் வேட்டையாடிற்று. பறவையினங்கள் பல அடியோடு மறைந்தன. வேறு சில கடல் நடுவே உள்ள ஓரிரு தீவுகளில் மட்டும் ஒடுங்கி உயிர் பிழைத்தன.

டிரிட்டிரி மட்டாங்கித் தீவும் இக்கேட்டிற்குத் தப்பவில்லை. மாவோரி மக்கள் அங்குக் குடியிருந்து, பயிரிடுதற்காகக் காட்டின் ஒரு பகுதியை எரித்தனர். அவர்கட்குப் பின் ஐரோப்பியர் அங்கு ஆடு மாடுகளை மேய்த்தனர். மேய்ச்சல் தொழில் நூற்றிருபது ஆண்டளவு நடைபெற்றது. முடிவில், தீவின் பழங்காட்டில் நூற்றுக்கு ஆறு பங்கே எஞ்சிற்று. அதுவும் பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் துண்டு துண்டாக நின்றது. ஏனைய இடமெல்லாம் புல்வெளியாயிற்று. மணிப்பறவை எனப்படும் இன்குரற் பறவை போன்ற சிலவே அங்கு நிலைத்திருந்தன.

இயற்கை தானே மீளவில்லை

1971-ஆம் ஆண்டில் மேய்ச்சற் குத்தகை முடிவுற்றது. ஆடு மாடுகள் அகற்றப்பட்டன. தீவு பொதுப் பூங்காவின் ஓர் உறுப்பாயிற்று. மேய்வன நீங்கிவிட்டமையால் காடு தானாகவே மீண்டு வளரும் என்று பலரும் எண்ணினர். புண்ணை உறுத்துவது நீங்கினால் புண் ஆறிவிடும் என்று கருதுவது இயல்பே அன்றோ?

ஆனால் நிகழ்ந்தது வேறு. மேயும் வாய் இல்லாமையால் புல் இடுப்பளவு வளர்ந்து அடர்ந்தது; பெரணிச் செடிகள் புதராக மூடின. மரத்திலிருந்து வீழ்ந்த வித்து மண்ணைத் தொட இடமில்லை. தொட்டு முளைத்த சிலவற்றையும் எலிகள் தின்றன. அப்பொழுதுதான் ஒரு பேருண்மை விளங்கிற்று. நோய் முதிர்ந்த உடலுக்கு மருந்தும் பத்தியமும் வேண்டப்படுதல் போல, கேடு முதிர்ந்த நிலத்திற்கும் மனிதன் துணை வேண்டும். கெடுத்த கை விலகி நின்றால் மட்டும் போதாது; அக்கையே திருத்தவும் வேண்டும்.

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெய்க், நீல் மிச்செல் என்னும் அறிஞர் இருவர் தீவை ஆராய்ந்து, அங்கு மீண்டும் காடு வளர்க்கலாம் என்று எடுத்துக் கூறினர். அவர்கள் கருத்தில் ஒரு புதுமை இருந்தது. அரிய உயிர்கள் வாழும் தீவுகளில் பொதுமக்கள் கால் வைத்தலே கூடாது என்பது அந்நாளைய வழக்கம். இவர்களோ, பொதுமக்களே வந்து மரம் நடட்டும்; நட்டவர்களே நாளைப் பறவைகளையும் கண்டு மகிழட்டும் என்றனர். கதவடைத்துக் காப்பதைவிட, காப்பதில் மக்களுக்குப் பங்கு தருவதே உறுதியான காவல் என்பது அவர்கள் துணிவு.

மரம் நட்ட தொண்டர்கள்

அக்காலத்தில் அத்தீவின் கலங்கரை விளக்கைக் காத்து வந்தவர் ரே வால்ட்டர் என்பவர். 1984-ஆம் ஆண்டில் அவ்விளக்குத் தானே இயங்கும் வகையில் அமைக்கப்பட்டமையால் காவலருக்கு அங்கு வேலையில்லாமற் போயிற்று. கடைசி விளக்குக் காவலராகிய அவர் தீவை விட்டு நீங்கவில்லை. நாற்றுப் பண்ணையைப் பேணும் பொறுப்பை ஏற்றுக் கொண்டார். அவருடைய துணைவியார் பார்பராவும் இப்பணியில் உடன் உழைத்தார். கடலில் செல்வோர்க்கு ஒளி காட்டிய கை மண்ணில் முளைகளைப் பேணத் தொடங்கிற்று.

காடு வளர்த்தல் என்பது கிடைத்த மரத்தைக் கிடைத்த இடத்தில் நடுதல் அன்று. அத்தீவின் மண்ணுக்கும் உப்புக் காற்றுக்கும் பழகிய மரங்களே அங்கு நிலைக்கும். ஆகவே, வித்துக்களைக் கூடிய மட்டும் தீவில் எஞ்சி நின்ற மரங்களிலிருந்தும், அருகிலுள்ள இடங்களிலிருந்தும் திரட்டினர். அவற்றை நாற்றுப் பண்ணையில் விதைத்துக் கன்றாக்கினர். கன்றுகள் வேரூன்றுவதற்கு ஈரம் வேண்டும். நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ள நாடாகையால், அங்குக் குளிர்காலமாகிய ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களே மண் நனைந்திருக்கும் காலம். எனவே, அக்காலத்திலேயே நடவு நிகழ்ந்தது.

நடவு செய்தவர் யாவர்? கூலி பெறும் வேலையாட்கள் அல்லர். ஆசிரியரும் மாணவரும், அலுவலகப் பணியாளரும், சாரணரும், முதியோரும் விடுமுறை நாட்களில் படகேறி வந்தனர். குளிர்காற்றிலும் தூறலிலும் சரிவுகளில் ஏறி, மண்வெட்டியால் புல்லைச் செதுக்கிக் குழி தோண்டிக் கன்று வைத்தனர். மாலையில் மீண்டும் படகேறித் தத்தம் இல்லம் சேர்ந்தனர். 1984 முதல் 1994 வரை பத்தாண்டுகள் இப்பணி நடைபெற்றது. இவ்வாறு ஆயிரக்கணக்கான தொண்டர்கள் நட்ட கன்றுகள் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை. ஒருவர் ஒரு நாளில் நடக்கூடியது சில கன்றுகளே. ஆயினும், சிறுதுளி பெருவெள்ளமாதல் போல அச்சில கன்றுகளே பெருங்காடாயின. 1988-ஆம் ஆண்டில் இத்தொண்டர்கள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக் கொண்டனர். அது இன்றும் தீவின் பணிகளுக்குத் தோள் கொடுத்து வருகின்றது.

தீவு முழுவதையும் அவர்கள் காடாக்கிவிடவில்லை. ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு நிலத்திலேயே மரம் நட்டு, எஞ்சியதைப் புல்வெளியாக விட்டனர். புல்வெளியிலேயே இரை தேடும் பறவைகளும் உண்டு அன்றோ? எல்லா உயிர்க்கும் இடம் வேண்டும் என்று கருதிச் செய்த பங்கீடு அது.

எலிப்பகை தீர்த்தல்

மரங்கள் வளர்ந்தன, ஆயினும் ஒரு பெருந்தடை நீங்காதிருந்தது. கியோரே எலி தீவெங்கும் பல்கியிருந்தது. அது வித்தையும் முளையையும் தின்றது. பூச்சிகளையும் பல்லிகளையும் அழித்தது. சிறு பறவைகளின் முட்டைகளையும் விடவில்லை. ஒரு பக்கம் நட, மறு பக்கம் அழிவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புதல் ஆகும்.

1993-ஆம் ஆண்டில் வானூர்தியிலிருந்து தீவெங்கும் நஞ்சு கலந்த இரையைத் தூவி எலிகளை ஒழித்தனர். இது மகிழ்ந்து செய்த செயல் அன்று. எலியும் ஓர் உயிரே. மாவோரி மக்களுட் சிலர் அதனைத் தம் முன்னோருடன் கடல் கடந்து வந்த உயிராகப் போற்றுவதும் உண்டு. மேலும், நம் ஏரிகளில் காணும் நீலத் தாழைக்கோழிக்கு நெருங்கிய உறவுடைய பூக்கெக்கோ என்னும் பறவைகள் பல அந்நஞ்சை உண்டு மடிந்தன. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே, உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் பல அடியோடு அழிவதைத் தடுக்க வேறு வழி காணாமல், இக்கடுஞ்செயலை மேற்கொண்டனர். கேட்டினை உள்ளே விடுவது ஒரு நொடியில் நிகழும்; விட்ட கேட்டினைப் போக்கும்போது குற்றமற்றவையும் துன்புறும். வருமுன் காவாதவர் பின்னர்க் கொடுக்கும் விலை இத்தகையதே.

எலி ஒழிந்தபின் தீவின் நிலை மாறிற்று. மரத்தடியில் முளைகள் பெருகின. பூச்சிகளும் பல்லிகளும் மிகுந்தன. அவற்றை உண்ணும் பறவைகளும் செழித்தன.

மீண்டு வந்த உயிர்கள்

தொண்டர்கள் காடு வளர்த்ததன் நோக்கம் காட்டோடு முடிவதன்று. அழிவின் விளிம்பில் நின்ற பறவைகளை வேறிடங்களிலிருந்து கொணர்ந்து, அங்குக் குடியேற்றுவதே அவர்கள் விழைவு. சேணம் பூட்டியது போன்ற பழுப்பு நிற முதுகுடைய டியேக்கே என்னும் பறவை 1984-லேயே கொண்டு வரப்பட்டது. பொந்துள்ள முதுமரங்கள் போதாமையால், மரப்பெட்டிகளைச் செய்து வைத்து அதற்குக் கூடு அளித்தனர்.

தக்காஹே என்னும் பறவையின் கதை வியப்புக்குரியது. நீலமும் பசுமையும் விரவிய உடலும், தடித்த செவ்வலகும் உடைய அது பறக்க இயலாதது. புல்லின் அடித்தண்டைத் தின்று வாழ்வது. அவ்வினம் உலகினின்று மறைந்துவிட்டது என்றே பலரும் முடிவு செய்திருந்தனர். 1948-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஓர்பெல் என்னும் மருத்துவர் தென்தீவின் மலைப்பகுதியொன்றில் அதனை மீண்டும் கண்டுபிடித்தார். அத்தகைய அரும்பறவையை 1991-இல் டிரிட்டிரி மட்டாங்கியிற் குடியேற்றினர். தொண்டர்கள் மரம் நடாது விட்ட புல்வெளிகளே அதற்கு உணவுக்களம் ஆயின.

ஹிஹி என்பது தேனும் கனியும் பூச்சியும் உண்ணும் சிறு பறவை. ஒரு காலத்தில் அது ஒரே ஒரு தீவில் மட்டுமே எஞ்சியிருந்தது. 1995-இல் அதனையும் இங்குக் கொணர்ந்தனர். இளங்காட்டில் பூக்களும் மரப்பொந்துகளும் அதற்குப் போதா. எனவே, தொண்டர்கள் கூட்டுப் பெட்டிகளைத் தூய்மை செய்தும், சர்க்கரை நீர்க் கலங்களை நிரப்பியும் அதனைப் பேணி வருகின்றனர். அவ்வாறு பெருகிய ஹிஹிகளிற் சில பின்னர் வேறு காப்பிடங்களுக்கும் அனுப்பப்பட்டன. பெற்றுக் கொண்ட தீவு கொடுக்கும் தீவாயிற்று.

சிறுபுள்ளிக் கிவி 1993-லும், குழலோசை போன்ற குரலுடைய கோக்காக்கோ 1997-லும் வந்தன. டுவட்டாரா என்னும் ஊர்வன 2003-இல் வந்தது. அது பல்லி போலத் தோன்றினும் பல்லி அன்று. மிகத் தொன்மையான ஊர்வன மரபொன்றில் எஞ்சியிருக்கும் ஒரே உயிர். உலகின் மிகப் பெரிய பூச்சிகளுள் ஒன்றாகிய வெட்டாபுங்காவும் 2011-இல் அங்கு விடப்பட்டது. ஒரு காலத்தில் ஆட்டின் குரல் மட்டும் கேட்ட மேடுகளில் இன்று விடியற்காலையில் பறவைகளின் ஒலி நிறைந்துள்ளது.

பிழையும் காவலும்

இப்பணியில் பிழையே நேரவில்லை என்று கூறுதல் பொருந்தாது. பொஹுட்டுக்காவா என்னும் செம்பூ மரம் நம் நாவல் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. வறட்சியையும் உப்புக் காற்றையும் தாங்க வல்லது. அதனால் அதனை மிகுதியாகவும் நெருக்கமாகவும் நட்டனர். அம்மரங்கள் செழித்து ஓங்கி, அடர்ந்த நிழல் பரப்பின. அந்நிழலில் பிற செடிகள் எளிதில் தலையெடுக்கவில்லை. இதனை உணர்ந்தபின், வேறு வகைக் கன்றுகளை இடையிடையே நட்டுக் குறை நீக்க முற்பட்டனர். தம் பிழையைத் தாமே கண்டு திருத்துவது தொண்டின் ஓர் உறுப்பே ஆகும்.

காவலும் ஒரு நாளில் முடிவதன்று. 2000-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டு எறும்பு தீவில் புகுந்திருத்தல் காணப்பட்டது. கண்ணுக்கு எளிதில் தென்படாத அச்சிற்றுயிரை அடியோடு போக்குதற்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டியதாயிற்று. இதனாலேயே, இன்று தீவுக்குச் செல்வோர் யாவராயினும் தம் காலணியைத் துடைத்து, பையைச் சோதித்து, மண்ணோ வித்தோ எறும்போ எலியோ ஒட்டி வராமற் பார்த்த பின்னரே அடிவைத்தல் வேண்டும். கருவுற்ற ஓர் எலி கரை சேர்ந்தால், பல்லாயிரவர் உழைப்பும் பாழாகிவிடும். அறிஞரும் பொதுமக்களும் சேர்ந்து கட்டிய காட்டினை, அங்கு ஒரு நாள் வந்து செல்லும் விருந்தினரும் காக்கும் பொறுப்புடையர்.

முடிவுரை

இத்தீவின் வரலாறு நமக்கு உணர்த்துவன சில உள. அழித்தல் ஒரு தலைமுறையில் நிகழலாம். ஆக்கலோ பல தலைமுறையின் பொறுமையை வேண்டுவது. ஆக்கலுக்கு முறைமை உண்டு: முதலில் கேட்டின் காரணத்தை நீக்கல், அடுத்து மண்ணுக்குரிய மரத்தை வளர்த்தல், அதன்பின் மரத்துக்குரிய பறவையை அழைத்தல், இறுதியாக இடையறாது காத்தல். இவற்றுள் ஒன்று தவறினும் ஏனையவை நிலைபெறா.

1984-ஆம் ஆண்டில் முழங்காலளவுக் கன்றை ஊன்றிய முதியவர் அது மரமாகி நிழல் தருவதைக் காண்போம் என்று எண்ணியிருத்தல் அரிது. எனினும் அவர் நட்டார். அவருடன் வந்து நட்ட சிறுவன் இன்று தன் பிள்ளைகளோடு அந்நிழலில் நின்று பறவையின் குரலைக் கேட்கலாம். தமக்கென வாழாது பின்வருவோர்க்கென உழைத்தலே தொண்டு என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

நம் ஊர் ஏரிக்கரையும், கோயில் நந்தவனமும், பள்ளி வளாகமும் நமக்கு அளிக்கப்பட்ட சிறு தீவுகளே. அவற்றின் மண்ணுக்குரிய மரம் எது, அம்மரத்தை நாடும் பறவை எது என்று மாணவர்கள் முதலில் அறிந்து கொள்வார்களாக. அறிந்தபின் ஒரு கன்றேனும் நடுவார்களாக. நட்டதை மறவாது காப்பார்களாக.